நமது அரசாங்க அமைப்பும் நாமும்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





ஐரோப்பிய நாடொன்றின் அரசாங்கம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு உங்கள் காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். எந்த நாட்டைப் பற்றி என்று கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார். யோசித்துப் பார்த்தேன். இங்கிலாந்தைப் பற்றியோ பிரான்சைப் பற்றியோ ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால், கேட்டவர்கள் "நல்ல பிரசங்கம்" என்று சொல்லி, வடையும் தேநீரும் அருந்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே இலங்கையின் அரசாங்கத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். காரியதரிசி அவர்கள் என்னைக் கோபிக்கக் கூடாது. நமது அரசாங்கம் என்னும் வீட்டுக்கு வேண்டிய மரமெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. ஒரு முறை லண்டன் நகரசபையின் மாதிரியிலிருந்து வந்தது. மறுமுறை வெஸ்ட்மினிஸ்டர் பாராளுமன்றத்திலிருந்து வந்தது. கடைசி முறை பாரிஸ் நகரத்திலிருந்து வந்தது. ஆகையால் அவர் கேட்ட விஷயத்தை நான் கைவிட்டுவிடவில்லை. ஆனால், அந்த வீட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டியபோதெல்லாம் பண்டாரவளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் லயத்தில் வாழும் நம்மவர்க்கு அதில் என்ன இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கப்போகிறேன்.

முதலில் 1931ஆம் ஆண்டு. டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் வந்த ஆணைக்குழு சிபார்சு செய்த அரசியல் திட்டம் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது வந்த ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட ஆசிய நாடு வேறெதிலும் அப்போது இல்லாத உரிமை இது. பிரான்சிலே பெண்கள் முதன்முதல் வாக்களித்தது 1945இல்; சுவிட்சர்லாந்திலே நாட்டுப் பொதுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு வந்தது 1971இலேதான். ஐரோப்பா என்றவுடனே கைகட்டி நிற்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவிற் கொள்வது நல்லது.

அன்றைய சட்டசபைக்கு அரசாங்க சபை என்று பெயர். மக்கள் தெரிந்தெடுத்தவர் 50 பேர், தேசாதிபதி நியமித்தவர் 8 பேர், உத்தியோகத்தர் மூவர். இந்தச் சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. சுகாதாரத்துக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு தலைவரைத் தெரிந்தெடுக்கும், அவரே மந்திரி. நம் ஆலயத் திருவிழாவுக்கு அன்னதானக் குழு, அலங்காரக் குழு, தேர்க் குழு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரை முன்னே நிறுத்துகிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான். கட்சி வேண்டியதில்லை, குழுவிலுள்ளவர்களின் நம்பிக்கை இருந்தாற் போதும். அதனாலேதான் அற்றன் தொகுதியிலிருந்து வந்த பெரி சுந்தரம் அவர்கள், தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றுக்குரிய குழுவின் தலைவராகி, இந்நாட்டின் முதல் தொழில் மந்திரியாக இருந்தார். தோட்ட மக்களின் வாக்கு இருந்த தொகுதியிலிருந்து ஒருவர், வாக்குரிமை வந்த முதல் ஆண்டிலேயே மந்திரியானார் என்பதை நம் பிள்ளைகளிற் பலர் அறியார்.

ஆனால் அமைப்பு ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். அதே குழு முறை 1936இல் வேறுவிதமாகப் பயன்பட்டது. எந்தக் குழுவில் யார் யார் இருக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே வந்தார்கள். அற்றனிலிருந்து நடேச ஐயரும் தலவாக்கொல்லையிலிருந்து வைத்திலிங்கமும் சபையில் இருந்தார்கள். மந்திரி ஆசனம் மட்டும் இல்லை.

இரண்டாவது வீடு 1947இல் எழுந்தது. சோல்பரித் திட்டம் என்று அதைச் சொல்வோம். இது அப்படியே இங்கிலாந்தின் படி. அங்கே மகாராணியார் அல்லது மன்னர். இங்கே அவரின் பெயரால் மகாதேசாதிபதி. அங்கே பொதுச்சபை, இங்கே 101 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை. அங்கே பிரபுக்கள் சபை; இங்கே 30 பேர் கொண்ட செனற் சபை. பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை உடையவர் பிரதமர். அவர் மந்திரிகளைத் தெரிந்து சபைக்குப் பதில் சொல்வார். இந்த முறையின் உயிர்நாடி ஒன்றே: தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் வெல்வார். ஆகவே ஒரு தொகுதியில் யாருக்கு வாக்கு உண்டு என்பதை மாற்றினால், பாராளுமன்றத்தின் முகமே மாறிவிடும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கொல்லையில் வேலுப்பிள்ளை, நமது பதுளையில் சுப்பையா என்று ஏழு பேர். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தது. அடுத்து நடந்ததை மூத்தவர்கள் தம் பெற்றோர் வாயால் கேட்டிருப்பீர்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது, அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மீளவில்லை.

இங்கே இளைஞர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த ஓர் இனத்தவரையும் மற்றவர்க்கில்லாத தாழ்வுக்கு உள்ளாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று சோல்பரித் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதன் 29ஆம் பிரிவு. அப்படியானால் இது எப்படி நடந்தது? நம்மவர் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தார்கள். அது லண்டனிலுள்ள பிரிவுக் கவுன்சில் வரை போயிற்று. 1953இல் தீர்ப்புக் கிடைத்தது: தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுக்கு இயல்பான அதிகாரம், இந்தச் சட்டம் ஓர் இனத்தைப் பெயர் சொல்லித் தண்டிக்கவில்லை, ஆகவே செல்லுபடியாகும் என்றார்கள். சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லை என்பது மெய்தான். பாட்டனாரின் பிறப்புக்குப் பத்திரம் காட்டு என்றால், லயத்தில் பிறந்தவன் எதைக் காட்டுவான் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறியாமலில்லை. தாளில் எழுதிய காப்பு எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

பின்னாலே 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பண்டாரவளைப் புகைவண்டி நிலையத்தில் நின்று அழுத கதைகள் இந்த மண்டபத்திலேயே எத்தனையோ குடும்பத்தாரிடம் உண்டு. அவற்றை நான் சொல்லவேண்டியதில்லை.

1971இல் செனற் சபை ஒழிக்கப்பட்டது. 1972இல் நாடு குடியரசாயிற்று. 29ஆம் பிரிவும் அதோடு போயிற்று. காக்கவில்லையே, போனால் என்ன என்று சிலர் கேட்கலாம். உடைந்த குடையானாலும் மழைக்காலத்தில் எறிவதற்கு மனம் வராது.

இனி மூன்றாவது முறை மரம் வந்த கதைக்கு வருகிறேன். பிரான்சிலே 1958இல் டி கோல் தளபதி ஒரு புதிய அரசியல் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அங்கே மந்திரிசபைகள் மாதக் கணக்கில் கவிழ்ந்துகொண்டிருந்தன. அதனால், பாராளுமன்றத்தின் விருப்பு வெறுப்பால் அசையாத ஒரு ஜனாதிபதி வேண்டும் என்று வைத்தார்; 1962இலிருந்து அவரை மக்களே நேராகத் தெரிவு செய்யும் வழியும் வந்தது. பிரதமரும் உண்டு, ஆனால் அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜே. ஆர். ஜயவர்த்தன அவர்கள் 1978இல் கட்டிய அரசியலமைப்புக்கு இதுவே பெரிய முன்மாதிரி. சில பலகைகளை அவர் தம் விருப்பம்போல் இன்னும் தடிப்பாக வைத்துக்கொண்டார்.

இன்றுள்ள அமைப்பு அதுதான், பல திருத்தங்களோடு. ஜனாதிபதி ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாடு முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்துத் தெரிவு செய்யப்படுகிறார். பாராளுமன்றத்தில் 225 பேர். அவர்களுள் 196 பேர் மாவட்டங்களிலிருந்து விகிதாசாரப்படி வருகிறார்கள், 29 பேர் தேசியப் பட்டியலில் வருகிறார்கள். ஜனாதிபதியும் பிரதமரும் வேறு வேறு கட்சியினரானால் இழுபறி வரும். பிரான்சில் 1986இல் மித்தரானும் சிராக்கும் அப்படி ஒரே வண்டியில் பூட்டப்பட்டார்கள். இங்கே 2001 முதல் 2004 வரை சந்திரிகா அம்மையாரும் ரணில் விக்கிரமசிங்கவும் பூட்டப்பட்டார்கள். 2018 ஒக்டோபரில் ஜனாதிபதி பிரதமரை நீக்கி, நவம்பரில் பாராளுமன்றத்தையும் கலைத்தபோது, கலைத்தது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உயர் நீதிமன்றம் டிசம்பரில் தீர்ப்பளித்தது. அது நல்ல அடையாளம்.

ஜனாதிபதி முறை நல்லதா கெட்டதா என்று கொழும்பிலே எத்தனையோ கூட்டங்கள் நடக்கின்றன. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நம்மவர்க்கு அதனால் ஒரு விளைவு உண்டு. அதை மட்டும் சொல்கிறேன். விகிதாசார முறையில் வீண் போகும் வாக்குகள் குறைவு. ஜனாதிபதித் தேர்தலிலோ பூனாகலையில் கொழுந்து பறிக்கும் தாயின் வாக்கும் கொழும்பு கறுவாத்தோட்டத்து மாளிகையின் வாக்கும் ஒரே எடை. 1977இல் தொண்டமான் அவர்கள் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது அங்கத்தவராகத் தெரிவானார். அடுத்த ஆண்டே மந்திரிசபையில் அமர்ந்தார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றவர் என்ற சொல்லைப் பெரும்பாலும் துடைத்துவிட்டன. 2024 நவம்பர்த் தேர்தலிலே மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றம் புகுந்தார்கள். அவர்களுள் ஒருவரான அம்பிகா சாமுவேல் நமது பதுளை மாவட்டத்தவர். எந்தக் கட்சி என்பது வேறு விஷயம். இது கட்சிக் கூட்டமன்று.

ஆக, மேல்மாடியில் நமக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்படியானால் குறை எங்கே?

குறை படிக்கட்டின் அடியிலே. இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

நமது நாட்டின் அமைப்பை மேலிருந்து கீழே இறங்கிப் பாருங்கள். மத்திய அரசாங்கம். அதன் கீழே 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தால் வந்த மாகாண சபைகள். நமது ஊவா மாகாணத்தில் பதுளையும் மொனராகலையும் அடங்கும். 2014 செப்டம்பரில் தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன் பின் ஆளுநரே காரியம் பார்த்து வருகிறார். அதன் கீழே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. இது மக்கள் தெரிவு செய்யும் வரிசை. பக்கத்தில் உத்தியோகத்தர் வரிசை ஒன்றும் இறங்குகிறது: பதுளைக் கச்சேரி, அதன் கீழ்ப் பதினைந்து பிரதேச செயலகங்கள், அவற்றின் கீழ்க் கிராம உத்தியோகத்தர். முன்னாளில் விதானையார் என்றோம்; 1963இல் அந்தப் பதவி போய்ப் புதிய உத்தியோகம் வந்தது.

இந்த இரு வரிசையும் கிராமத்து வாசல் வரை வருகின்றன. தோட்டத்து வாசலில் நின்றுவிட்டன. இது தற்செயலாக நடந்ததன்று. 1937ஆம் ஆண்டிலேயே கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்ட லயங்களில் குடியிருக்கும் தொழிலாளர்க்குக் கிராமச் சபையில் வாக்கில்லை என்று வைத்தார்கள். நினைத்துப் பாருங்கள்: அரசாங்க சபைக்கு அங்கத்தவரை அனுப்பும் வாக்கு அன்று நம்மவர் பலரிடம் இருந்தது; பக்கத்து ஒழுங்கையைத் திருத்தும் சபைக்கு வாக்கில்லை. ஐம்பது ஆண்டு கழிந்து, 1987இல் பிரதேச சபைச் சட்டம் இயற்றியபோது வாக்கைக் கொடுத்தார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவோ சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்பிற் செலவிட இடங்கொடுக்கவில்லை. நம்மவர் வாக்களித்து, நம்மவரே அங்கத்தவராகி, சபையிலே போய் இருந்தாலும், லயத்து வாசலில் ஒரு விளக்குப் போட முடியாது. சட்டம் தடுக்கிறது என்று செயலாளர் புத்தகத்தைத் திறந்து காட்டுவார்.

இந்த இடத்திலேதான் மறுபடியும் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியிருக்கிறது. ஜனாதிபதி முறையைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்தோம் என்றேன். பிரான்சிலே ஜனாதிபதிக்குக் கீழே என்ன இருக்கிறது? ஏறக்குறைய 35,000 ஊர்ச் சபைகள். இருநூறு பேர் வாழும் மலைக் கிராமத்துக்கும் ஒரு சபை, ஒரு மேயர். அந்த நாட்டில் மக்கள் குடியிருக்கும் எந்த நிலமும் ஏதோ ஒரு ஊர்ச் சபைக்கு உட்பட்டதே. திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்பவனும் அந்த ஊரவனே. நம் நாட்டில் உள்ளூராட்சித் தாபனங்கள் எல்லாமாக 341. சுவிட்சர்லாந்திலே இன்னும் ஒரு படி மேலே போவார்கள். ஒருவன் முதலில் ஓர் ஊரின் பிரஜை, பிறகு ஒரு மாநிலத்தின் பிரஜை, அதன் பிறகே நாட்டின் பிரஜை. நமக்கு நடந்தது தலைகீழ். நாட்டின் பிரஜை என்ற பத்திரம் கையில் இருக்கிறது. எந்த ஊரவன் என்றால், இன்ன தோட்டம், இன்ன பிரிவு, இன்ன லயம் என்கிறோம். பல இடங்களில் நமக்கு வரும் கடிதமும் தோட்டத்துக் காரியாலயம் சென்றுதான் நம்மிடம் வருகிறது. பிரான்சின் கூரையை வாங்கி வந்தவர்கள் அதன் தரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

இது ஏட்டுச் சமாசாரம் என்று நினைக்கவேண்டாம். லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் பாதை ஐப்பசி மழையில் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிலம் அரசாங்கத்தின் நிலம். 1992 முதல் பல தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனியிடம். துரையிடம் போனால், அது தேயிலை ஏற்றும் பாதையன்று என்பார். பிரதேச சபையிடம் போனால், அது தோட்டத்துப் பாதை என்பார்கள். செயலகத்தில் கேட்டால், நிலம் கம்பெனியின் குத்தகையில் இருக்கிறது என்பார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. பாதை மட்டும் அறுந்தபடி கிடக்கிறது. பிள்ளை வழுக்கி விழுகிறது.

பாதையோடு போனால் பரவாயில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தனர். திரும்பி வந்தபோது சிலருக்கு லயமும் இல்லை, தாய் தந்தையரும் இல்லை. அந்த மலை சரியும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் மலையடியில் இருந்தார்கள். தாளைக் கொண்டுபோய் லயத்து வாசலில் வாசித்து, இன்ன நாளுக்குள் இன்ன இடத்துக்குப் போங்கள், இதோ காணி என்று சொல்வது யாருடைய கடமை? கிராமமாயிருந்தால் பெயர் சொல்லிவிடலாம். அங்கே சொல்ல முடியவில்லை. உயிர் பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நெடுநாள் தங்கியிருந்து, 2016இலே தனி வீடு பெற்றார்கள்.

இவ்வளவு சொன்னபின், நடந்த நல்லதையும் சொல்லவேண்டும். 2018ஆம் ஆண்டிலே அந்த 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடலாம் என்று இப்போது சட்டம் சொல்கிறது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தால் அமைந்தது. இவற்றைப் பெறுவதற்காகப் பாராளுமன்றத்தில் உழைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால், செலவிடலாம் என்பது ஒன்று, செலவிட்டார்கள் என்பது வேறொன்று. "லாம்" என்ற எழுத்துகள் நம்மூரில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் தூங்கும். 2025 மே மாதம் 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் புதிய சபைகள் தெரிவாயின. நீங்கள் வாக்களித்த அங்கத்தவர் இன்ன வட்டாரத்தவர் என்று உங்களுக்குத் தெரியும். அவரைத் திருவிழாவுக்கு அழைத்து மாலை போடுகிறீர்கள். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மாலை போட்ட கையோடு, சபையின் இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டப் பிரிவுகளுக்கென ஒதுக்கியது எவ்வளவு என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதில் தரும் கடமை அவர்களுக்கு உண்டு. சிங்களத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இம்மன்றத்தில் நிறைய இருக்கிறீர்கள். தமிழிலும் எழுதலாம், அதுவும் உங்கள் உரிமை.

இன்னொன்று. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தரின் படிவம் லயத்துக்கு வந்து, நிரப்பாமலே திரும்பிப் போகும் வீடுகள் உண்டு. கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போகிறது. 1949இல் நம் பாட்டன்மாரின் பெயரை வெட்டுவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இன்று நம் அசட்டையே போதுமானதாயிருக்கிறது.

ஆலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை முடிந்தபின் ஒரு மேசை போட்டு, இரண்டு இளைஞர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் நான்கு வாரத்தில் இந்த வேலை முடிந்துவிடும். பரிபாலன சபையார் மேசையும் நாற்காலியும் தருவதாகக் கூட்டம் தொடங்குமுன்பே என்னிடம் வாக்களித்துவிட்டார்கள். பேனா கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.